ஆறு மணிக்குத் துணி காயப்போடுகிறவர்கள்

உட்காருங்கள் சுகந்தி, அந்தக் கட்டில்தான் உங்களுடையது. இடது பக்கக் கால் கொஞ்சம் ஆடும். அதற்கடியில், முன்னால் இங்கே இருந்த முப்பிடாதி மடித்து வைத்த அட்டை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஃபேனை மூன்றில் வையுங்கள். ஒன்றில் வைத்தால் சும்மா முனகும், ஓடாது. சன்னல் திறக்காது. அதாவது திறக்கும், திறந்தால் மூடாது. இந்த விடுதியில் திறப்பது, மூடுவது எல்லாமே தகராறுதான். போகப் போகத் தெரியும்.

வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள் என்ன கேட்டீர்கள்? "ஆறு மணிக்கு மேல வெளிய போவணும்னா எப்படிங்க?" எனக்குப் புல்லரித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். இத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் இதுவரைக்கும் நான்தான். எனக்கு அப்புறம் நீங்கள்.

பதில் ஒரு வரிதான். போக முடியாது.

ஆனால் ஏன் போக முடியாது என்று தெரிய வேண்டாமா? பக்கத்து அறை ரோஸ்லின் வந்து ஒரு மாதிரி சொல்வாள். மெஸ்ஸில் ஒரு மாதிரி சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் பொற்கொடி. எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருஷம். போர்க்கொடி என்று கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், எனக்கு அதில் கோபம் இல்லை. அப்பா பணிமனை வாசலில் முழக்கம் போடுகிற கண்டக்டர். நான் பேசினால் மைக் இல்லாமலே மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே. முணுமுணுத்து முணுமுணுத்துத்தான் இந்த விடுதி இந்த நிலைமைக்கு வந்தது.

இத்தனை நாள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தீர்கள் அல்லவா, அந்தப் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். குனிந்த முதுகு, பாதி திறந்த இரும்புக் கேட், தொங்குகிற பூட்டு. ஆமாம், அதுதான். எடுத்தது நான். இதோ இந்தப் போனில். போட்டோவைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியாது, அதுதான் பிரச்சினை.

பெண்கள் விடுதிக்கு ஆறு மணி. ஆண்கள் விடுதிக்கு ஒன்பதரை, அந்த ஒன்பதரையும் போர்டில் எழுதியிருப்பதோடு சரி. நமக்கு ஆறு என்றால் ஆறு. அதற்கு மேல் போக அவுட்பாஸ் வேண்டும், அவுட்பாஸுக்குத் துறைத்தலைவர் கையெழுத்து, அப்புறம் பெற்றோர் நேரில் வந்து வார்டன் முன்னால் கையெழுத்து. எனக்கு இருபத்திரண்டு வயசு. ஓட்டுப் போட்டுவிட்டேன். ஆட்சியை மாற்றலாம், மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு டீ குடிக்க முடியாது. இது நியாயமா? சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் இத்தனை வருஷம் எல்லோரும் அடைந்தா கிடந்தார்கள்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கேட் இருந்தது. சிலிண்டர் இறக்குவது, காய்கறி வருவது, கழனித்தண்ணி எடுக்கிறவர் வருவது எல்லாம் அந்த வழி. கேஸ் கேட் என்று பெயர். சரியாக ஆறு மணிக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிற பேச்சியம்மாக்கா போய் அதில் சங்கிலியைச் சுற்றி, பூட்டைத் தொங்கவிடுவார். தொங்கத்தான் விடுவார். அமுக்க மாட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டியிருக்கும். பக்கத்தில் போய்த் தொட்டால் கையோடு வந்துவிடும்.

வார்டனுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா! ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கமே வர மாட்டார். வர வேண்டியிருந்தால் மெஸ் நடையிலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார், இருக்கிறவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்று. என்ன நாடகம் பாருங்கள். ரோஸ்லின் மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போவாள். ஒருத்தி ரோட்டோரக் கடையில் பஜ்ஜி தின்னப் போவாள். ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனோடு சண்டை போடுவதற்கென்றே போவாள், போய் அழுதுவிட்டு எட்டு மணிக்கு வருவாள். முப்பிடாதி தினமும் டவுனுக்குப் போவாள். அங்கே ஒரு சங்கத்துக்காரர்கள் குரூப் டூ பரீட்சைக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள், ஆறரை மணிக்கு.

முப்பிடாதி என் அறைத்தோழி. எம்.எஸ்ஸி. கணிதம். இந்தக் கட்டிலில் உட்கார்ந்து வாய்க்குள் எதையாவது மனப்பாடம் செய்துகொண்டே தலை வாருவாள். சங்கரன்கோவில் பக்கம் ஊர். அவர்கள் வீட்டில் பெண்ணைப் படிக்கவைத்ததே பெரிய விஷயம், படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அரசு வேலை கிடைத்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் அவளிடம் எத்தனை நாள் வாதாடியிருக்கிறேன் தெரியுமா? "ஏன்டி இப்படித் திருடி மாதிரிப் போற? முன்வாசல் வழியா நிமிர்ந்து போறது உன் உரிமை இல்லையா?"

"ஏட்டி, வழி இருக்குல்லா? போறோம், வாறோம். ஒனக்கு இதுல எங்க வலிக்கி?"

"வழி இருக்கறது வேற, வாசல் இருக்கறது வேற. இது சலுகை. நாளைக்குப் பேச்சியம்மாக்கா பூட்டை அமுக்கிட்டா என்ன செய்வ?"

"ஏன் அமுக்குதாவ? நீ போயி அமுக்கச் சொல்லுவியோ?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தக் கேட் முழுசாகத் திறக்காது, கீழே சிமென்ட்டில் இடிக்கும். முதலில் பையை வெளியே நீட்ட வேண்டும், அப்புறம் குனிந்து, ஒருக்களித்து நுழைய வேண்டும். ஒருநாள் சாயங்காலம் மெஸ்ஸில் தட்டுக் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தேன். படிப்பதற்காக ஒரு பெண் நாய் நுழைகிற மாதிரி நுழைந்து போகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. எரிய வேண்டாமா? உங்களுக்கு எரிந்திருக்காதா? போட்டோ எடுத்துவிட்டேன்.

முகத்தை மறைத்தேன். அதில் சந்தேகமே வேண்டாம். நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை, இணையத்தில் தனியுரிமை என்று கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவள். அவள் முகம், பக்கத்தில் நின்ற பேச்சியம்மாக்கா முகம், அக்கா சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டை, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக மறைத்தேன். "படிக்கப் போகிறாள். குனிந்து போகிறாள்" என்று இரண்டு வரி. கீழே ஹேஷ்டேக், குனியமாட்டோம். நன்றாக இல்லை? எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

அவளிடம் கேட்டுவிட்டுப் போட்டாயா என்று இப்போது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? வேண்டாம் என்றுதானே? பயத்தில் சொல்கிற 'வேண்டாம்' ஒருத்தியுடைய சொந்தக் கருத்தா? அது அவள் மாமா சொல்கிற 'வேண்டாம்', அவள் ஊர் சொல்கிற 'வேண்டாம்'. அதை அவள் வாயால் சொல்லவைத்து, நான் கேட்டுத் தலையாட்ட வேண்டுமா? இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

மறுநாள் மதியத்துக்குள் போன் சூடாகிவிட்டது, மேலே அப்பளம் வைத்தால் பொரியும். எங்கெங்கிருந்தோ பகிர்கிறார்கள். கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றில் பெண்கள் எல்லோரும் குனிந்து நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். டொராண்டோவிலிருந்து ஒரு அக்கா, "நீ தனியாக இல்லை தங்கச்சி" என்று எழுதினார், படித்துவிட்டு நான் குளியலறையில் போய் அழுதேன். சாயங்காலம் தொலைக்காட்சியில் விவாதம். நாலு ஆம்பளைகள் உட்கார்ந்து, பெண்கள் எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அந்த டி.வி.யை விடுதிக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு முகத்திலும் சந்தோஷம் இல்லை. முப்பிடாதி மட்டும் திரைக்குக் கிட்டத்தில் போய் நின்று அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"பொற்கொடி, பை தெரியுதுட்டி."

என்ன பை என்று எனக்கு முதலில் புரியவில்லை.

கட்டைப்பை, சுகந்தி. ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே, கெட்டியாக, நீளப் பிடி வைத்தது. முப்பிடாதி நோட்டுப் புத்தகத்தையெல்லாம் அதில்தான் போட்டுக்கொண்டு போவாள். அது அவளுடைய தாய்மாமா கடைப் பை. சிவப்பு எழுத்தில் கடைப் பெயர், ஊர்ப் பெயர், முகூர்த்தப் பட்டுக்கு நம்பிக்கையான இடம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே போன் நம்பர் இரண்டு. பையைத்தானே முதலில் வெளியே நீட்டினாள்? படத்தில் அதுதான் முன்னால் இருக்கிறது, வாசிக்கிற மாதிரி, பளிச்சென்று.

முகத்தை மறைத்தவளுக்குப் பையை மறைக்கத் தெரியாதா என்கிறார்கள். யாராவது பையைப் பார்ப்பார்களா? பார்க்கிறவனுடைய புத்தி அப்படி. அது என் தப்பா, பார்க்கிறவன் தப்பா? அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறான்கள். ஒருவன் இருவன் இல்லை. "உங்க பையோட ஒரு பொண்ணு குனிஞ்சு வருதே, அதுவும் விக்கிற சரக்கா?" என்று கேட்டிருக்கிறான் ஒருவன். கடையில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்க, போனை எடுத்தது அவளுடைய மாமா. அப்படிப் பேசுகிறவன்களை அம்பலப்படுத்தலாம், பெயர்களைக் கொடுங்கள், நானே போடுகிறேன் என்று சொன்னேன். யாரும் கொடுக்கவில்லை.

மாமா வந்தார். கூட அவள் அம்மாவும். வேன் முன்வாசலில் நின்றது, பட்டப்பகலில், கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போவதற்கு மட்டும் எந்தப் பாஸும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? நான் போய் அவர் முன்னால் நின்றேன். அரசியல் சட்டம் சொன்னேன். பதினான்காவது பிரிவு, பதினைந்தாவது பிரிவு எல்லாம் சொன்னேன். அந்த மனிதர் கத்துவார், நானும் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை.

"எல்லாம் சரிதான் தாயி. அந்த போன்ல பேசுனவன்கிட்ட இதைச் சொன்னா கேப்பானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இதுதான் இவர்களுடைய தந்திரம், சுகந்தி. மெதுவாகப் பேசி நம் வாயை அடைத்துவிடுவது.

முப்பிடாதி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லையே நீங்கள். பெட்டியைக் கட்டினாள். கட்டிவிட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "கட்டிலுக்கு அடியில அட்டை இருக்கு, எடுத்துராத. ஆடும்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவள். எனக்காகச் சொன்னாளா, அடுத்து வருகிறவளுக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. அவள் போனை மாமா வாங்கி வைத்துக்கொண்டாராம். நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

அப்புறம் நிர்வாகம். ஆறு மணியை ஏழாக்குவார்கள் என்று நினைத்தேன், சரி, ஆறரையாவது. என்ன செய்தார்கள் தெரியுமா? வெல்டிங்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து கேஸ் கேட்டை அடைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். இப்போது சிலிண்டர் முன்வாசல் வழியாக வருகிறது, கூடத்தில் டணார் டணார் என்று உருட்டிக்கொண்டு. நாளைக்கு அந்தச் சத்தத்தில்தான் நீங்கள் எழுந்திரிப்பீர்கள். மெஸ் சுவரில் கேமரா. வாசலில் பெருவிரல் வைக்கிற மெஷின். பேச்சியம்மாக்கா ஒப்பந்தத் தொழிலாளி, வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிந்தது. விடுவேனா? அக்காவுக்காகத் தனியாக ஒரு பதிவு போட்டேன். நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அக்காவிடம் சொல்லலாம் என்றால் அவரிடம் இருப்பது பட்டன் போன். அதற்கும் போட்டேன், எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இது தோல்வி இல்லை. தொங்குகிற பூட்டு பொய்ப் பூட்டு, அதை நம்பி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். இப்போது நிஜப் பூட்டு. எதிரி யார் என்று தெளிவாகத் தெரிகிறது. இதிலிருந்துதான் போராட்டமே தொடங்க முடியும். ரோஸ்லினிடம் இதைச் சொன்னேன். அவள் நாகர்கோவில்காரி, ஒருத்தியைக் கூப்பிட்டாலும் மக்களே என்பாள், பேச்சு எப்போதும் ஒரு மாதிரிதான். "நீ தொடங்கு மக்களே. எங்களுக்கு நேரமாச்சு" என்றாள்.

எதற்கு நேரமாச்சு? துணி காயப்போட!

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். இந்தப் பெண்களுடைய அரசியல் உணர்வு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கப் போகிறீர்கள். சாயங்காலம் ஆறு மணி ஆனதும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் பின்னால் கொடி கட்டியிருக்கிற முற்றத்துக்குப் போகிறார்கள். வெயில் போன பிறகு எவளாவது துணி காயப்போடுவாளா? கேட்டால், "காத்துல காயும்" என்கிறார்கள். அதுவும் என்ன துணி? பெட்ஷீட். தினமும் பெட்ஷீட். கொடி முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பெட்ஷீட்டாகத் தொங்குகிறது, அதற்குப் பின்னால் மதில் இருப்பதே தெரியவில்லை, கேமராவில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத்தான் தெரியும் என்று வார்டனே சிரிக்கிறார். சுத்தக்காரர்களாம். ஆனால் வாளியைப் பார்க்க வேண்டுமே, அடியில் அவ்வளவு மண் அப்பியிருக்கும், கவிழ்த்துப் போட்டு மிதித்த மாதிரி. நான் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். "இங்க ஈரம், வழுக்கும், நீ போ பொற்கொடி" என்று இரண்டு பேர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். போனை எடுத்துக்கொண்டா வந்தாய் என்று ஒருத்தி கேட்டாள். போன் இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்?

விடுங்கள். மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடுகிறது. போனைக் கையில் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நான் என்னமோ அரிவாளை எடுத்த மாதிரி. வார்டன் மிரட்டி வைத்திருக்கிறார், வேறென்ன?

எனக்குப் பகலிலேயே பாஸ் கிடையாது, அது தெரியுமா? விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள், அது முடிகிறவரைக்கும் வகுப்பு, விடுதி, வகுப்பு. போனை மட்டும் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அது செய்தியாகிவிடும் என்று பயம். போன் இருக்கிறது, அதற்குள்ளே முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள், அடுத்து என்ன தோழர், அடுத்து என்ன தோழர். நான் என்ன சொல்வேன்? சாம்பாரில் உப்பு இல்லை என்றா? இரண்டு நாள் ஒன்றும் போடாமல் இருந்தால், விலை போய்விட்டாயா என்று கேட்கிறார்கள். இப்போது ஒரு கூட்டம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. அந்தப் போட்டோவே செட்டப்பாம். அப்படி ஒரு பெண்ணே கிடையாதாம். நானே யாரையோ குனியவைத்து எடுத்தேனாம்.

அதற்குத்தான் முப்பிடாதியிடம் ஒரு வீடியோ கேட்டேன். அதைப் பற்றியும் ரோஸ்லின் உங்களிடம் சொல்லத்தான் போகிறாள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அதோ, என் அலமாரியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறதே, அது முப்பிடாதியின் நோட்டுகள். இரண்டு வருஷம் அந்த வகுப்பில் எழுதியது. அவள் அலமாரிக்குப் பூட்டு இல்லை என்று என்னுடையதில் வைத்திருந்தாள், வேனில் ஏறுகிற அவசரத்தில் விட்டுவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மாமா கூடவே வந்து எழுதக் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டாராம். தேறினால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பார்களாம், இல்லாவிட்டால் தை மாசம். இதெல்லாம் அவள் அம்மா போனிலிருந்து ரோஸ்லினிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இல்லை. "நோட்டை மட்டும் ஏழு மணி சங்கரன்கோவில் பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்துவிடுங்க, இங்க வந்ததும் வாங்கிக்கிடுதேன்" என்று.

ரோஸ்லின் வந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

இருங்கள், முழுசாகக் கேளுங்கள், முகத்தை அப்படி மாற்றாதீர்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிமிஷம் வீடியோ அனுப்பச் சொல் என்றேன். முகம்கூடக் காட்ட வேண்டாம், குரல் போதும். "அந்தப் படத்தில் இருப்பது நான்தான். குனிந்தது எனக்கு வெட்கமில்லை, குனியவைத்தவர்களுக்குத்தான் வெட்கம்." என்ன பேச வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். அவளுக்காகத்தானே நான் இவ்வளவும் படுகிறேன்? அவளுக்காக ஊரே பேசுகிறது, அவள் ஒரு வாக்கியம் பேசக் கூடாதா? இது பேரமா? ரோஸ்லின் பேரம் என்கிறாள். "பச்சப்புள்ள வாயில இருக்க சோத்தப் புடுங்கிட்டு, பாட்டுப் பாடுன்னு சொல்லுத மாதிரி இருக்கு" என்றாள். உவமையைப் பாருங்கள்! ஒருவர் தரப்பு நியாயத்தை எடுத்துப் பேச வராதபோதுதான் இப்படி உவமை வரும்.

அதோடு, பஸ்ஸில் யார் போய்க் கொடுப்பார்கள் என்று கேட்டேன். ஏழு மணிக்கு எல்லோரும் உள்ளேதானே இருக்கிறோம்? அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது நடந்து இன்றைக்கு நாலாவது நாள். கட்டு அப்படியே இருக்கிறது. நேற்று ஒரு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். மார்ஜினில் சின்னச் சின்னதாக எழுதியிருக்கிறாள், "இது வராது", "இது கண்டிப்பா வரும்" என்று. ஒரு இடத்தில், "பொற்கொடியிடம் கேட்கணும்" என்று இருந்தது. அரசியலமைப்புப் பகுதி. எதைக் கேட்கணும் என்று எழுதவில்லை.

என்ன சொன்னீர்கள்? அம்மாவா? எந்த ஆஸ்பத்திரியில்?

அதற்குத்தான் விடுதிக்கே வந்தீர்களா? ஐயோ, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறேன். பெரியாஸ்பத்திரி இங்கிருந்து மூன்று ஸ்டாப்தான். சாயங்காலம் ஆறரையிலிருந்துதானே உள்ளே விடுவார்கள்? கூட யாரும் இல்லையா? அப்பா இல்லையா? அண்ணன் திருப்பூரிலா? அப்படியானால் கஞ்சி யார் கொடுப்பார்கள்? அந்தத் துணிப்பைக்குள் அதுவா இருக்கிறது, தூக்குச்சட்டியா?

பாஸ் கேட்டீர்களா? வார்டன் என்ன சொன்னார்? பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றா? பெற்றவள் கட்டிலில் படுத்திருக்கிறாள், அவளைப் பார்க்கப் போக அவளே எழுந்து வந்து கையெழுத்துப் போட வேண்டுமா! சுகந்தி, இதைவிட என்ன வேண்டும்? இருங்கள், அசையாதீர்கள். அந்தத் தூக்குச்சட்டியை மடியில் வையுங்கள். முகம் வேண்டாம், கையும் சட்டியும் மட்டும் போதும். பூட்டிய கேட், ஆறிப்போகிற கஞ்சி. ராத்திரிக்குள் தமிழ்நாடே...

ஏன் சட்டியைப் பின்னால் மறைக்கிறீர்கள்?

சரி. சரி, எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், பாருங்கள். கண்ணைத் துடையுங்கள். நான் உங்களுக்கு உதவி செய்யத்தான்... சரி, பேசவில்லை.

யாரது? ரோஸ்லினா? உள்ளே வா. பாருங்கள், வர மாட்டாள், வாசல் கட்டையைத் தாண்ட மாட்டாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள், கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பாள். என்ன ரோஸ்லின்? இவளையா? "துணி காயப்போட வாறியா மக்களே"யா?

இவள் வந்து அரைமணி நேரம் ஆகவில்லை. பெட்டியே திறக்கவில்லை. எந்தத் துணியை...

ஓகோ.

வாளியைக் கொண்டுவந்திருக்கிறாயா இவளுக்கும் சேர்த்து. மேலே ஒரு ஈரத்துண்டு. கீழே ஒன்றும் இல்லை, காலி வாளி. ஒரு தூக்குச்சட்டி வைக்கிற அளவுக்குக் காலி.

நீ போ ரோஸ்லின். இவள் வருவாள். இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவைக்கிறேன். எதையும் எடுக்கவில்லை, போட்டோவும் இல்லை கீட்டோவும் இல்லை. போன் அதோ கட்டிலில் கவிழ்ந்து கிடக்கிறது, நீயே பார்.

கதவைச் சாத்துங்கள் சுகந்தி. சட்டியை வாளிக்குள் வையுங்கள், சாய்க்காமல். இப்படி. நான் இன்னமும் சொல்கிறேன், மதில் ஏறிப் போகிற இது சலுகைகூட இல்லை, அதைவிடக் கேவலம். தொங்குகிற பூட்டைவிட மோசம். முன்வாசல் வழியாகப் போக வேண்டியவர்கள் நாம். இதை நான் விட மாட்டேன், நாளைக்கு உட்கார்ந்து பேசலாம். நாளைக்கு நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இருங்கள், ஒரு நிமிஷம். சட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. இந்த நோட்டுக் கட்டையும் வைக்கிறேன். கனமாகத்தான் இருக்கும், பிடியை இரண்டு கையாலும் பிடியுங்கள். இதன்மேல் என் துண்டைப் போடுகிறேன், ஈரத்துண்டு போட்டால் நோட்டு நனைந்துவிடும், அந்தத் துண்டை ஓரமாக வையுங்கள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில்தான் அந்தப் பஸ்ஸும் நிற்கும், ஏழு மணிக்கு, பச்சை நிற பஸ். கண்டக்டரிடம் முப்பிடாதி, ஜவுளிக்கடை என்று சொன்னால் போதும், கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் அப்பா எத்தனை பார்சல் கொடுத்திருக்கிறார். யார் கொடுத்துவிட்டது என்று கேட்டால் விடுதியிலிருந்து என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். வீடியோ எல்லாம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

போங்கள், இருட்டப் போகிறது. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சுகந்தி, ஒன்று. அங்கே கொடிப் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லுங்கள். நானாகக் கேட்டதாக வேண்டாம், பேச்சோடு பேச்சாக. என்னிடமும் ஒரு வாளி இருக்கிறது. போன மாசம் வாங்கியது, நல்ல கெட்டி வாளி. கவிழ்த்துப் போட்டு ஆள் ஏறி நின்றாலும் உடையாது.